நோட்டில் நான் வைத்த பெயர்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

என் கண்ணு மெர்சிக்கு அம்மா எழுதுவது. நீ அந்தக் குளிர் தேசத்தில் கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், கை வரவில்லை. உன் தம்பி ஜீவா வேலூர் ஜெயிலில் இருக்கிறான், உன் அப்பா என்னோடு பேசுவதில்லை, என் நெற்றியில் நாலு தையல் போட்டிருக்கிறது, மற்றபடி உயிரோடு இருக்கிறோம். போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று கேட்பாய். போன் உன் அப்பா கையில் இருக்கிறது. நான் உன்னோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார். அதனால் பக்கத்து வீட்டு அக்தரி பேகத்தின் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவளே ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிடுவாள்.

சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அழுகையில் விட்டுப் போய்விடும். வருகிற இருபத்திரண்டாம் தேதி வக்கீல் ராஜேஷ் உன்னை வீடியோவில் கூப்பிடுவார். ஷூ கம்பெனி மெக்கானிக் பிரேம்நாத் என்னிடம் தப்பாக நடந்துகொண்டான், அந்த அவமானத்தில்தான் நர்ஸ் வேலையைச் சாக்கு வைத்து ஊரை விட்டுப் போனேன் என்று உன் வாயால் சொல்லச் சொல்வார். நீ சொன்னால் ஜீவாவின் தண்டனை பாதியாகக் குறையுமாம். நீ சொல்லக் கூடாது. முதல் நாள் விஷயம் தெரிந்தபோது, ஒண்ணுமே நடக்கலமா, அந்த அண்ணன் எனக்கு வணக்கம் சொன்னதோட சரி என்று போனில் கத்தினவள் நீதான். அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம், யோசிச்சு சொல்றேன்பா என்றாயாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது மெர்சி? உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நடந்தது இரண்டு வாரம் முன்னால் வியாழக்கிழமை, சாயங்காலம் ஷிப்ட் விட்ட நேரம். அன்று மதியம் என் தையல் மிஷின் நூல் அறுத்துக்கொண்டே இருந்தது, டார்கெட் போய்விடும் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார், மெக்கானிக் பிரேம்நாத்தான் சாப்பிடக் கூடப் போகாமல் சரிசெய்து கொடுத்தான். அந்த நன்றியில் கேட்டில் நின்று அவன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜீவா எதிரே வந்தான். காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தவன் ஏன் இங்கே வருகிறான் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கையில் இருந்த கருங்கல்லால் பிரேம்நாத்தின் தாடையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கீழே விழுந்தான். ஜீவா இடுப்பிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தான், அவன் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்யும் கத்தி, அதன் கூர்மை உனக்குத் தெரியும். எங்க அக்காவ இன்னாடா பண்ண, எங்க அக்காவ இன்னாடா பண்ண என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டான். பிரேம்நாத் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். இரண்டு விரல் அங்கேயே விழுந்துவிட்டது. கம்பெனி பஸ் ஏற நின்ற முந்நூறு பெண்களும் கத்துகிறார்கள், எவரும் கிட்டே வரவில்லை. நான் பாய்ந்து ஜீவாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், முழங்கையால் என்னைத் தள்ளினான். செருப்பைக் கழற்றி என் பிள்ளையை முகத்திலேயே அடித்தேன் மெர்சி, அடித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அவன் சட்டைக்குள் செருகி வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து பிரேம்நாத்தின் மேல் வீசி எறிந்தான். நீ எழுதி வச்சியே, அதான் கேட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அது என் நோட்டு.

உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது, நீ போன பிறகு நான் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிட்டேன். வீடு வெறிச்சென்று இருந்தது, கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் வேறு. எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கு என்ன புத்தகம் என்று முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு விட முடியவில்லை. ஆனால் படித்தது நிற்காது, நாலு நாள் கழித்து எந்தக் கதையில் யார் யாரைக் கட்டினாள் என்று குழம்பும். இன்னொன்று, படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வரும். கதையில் ஒருத்தியை அடித்தால் எனக்குக் கை துடிக்கும். உன் அப்பாவிடம் சொன்னால், கதைக்குப் போயி அழுவுறியா, வேலயப் பாரு என்பார். அதனால் நீ விட்டுப்போன நர்சிங் காலேஜ் நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். அட்டையில் உன் பெயர் அப்படியே இருந்தது, அதைக் கிழிக்க மனசு வரவில்லை. ஒரு அதிகாரம் படித்தால் நாலு வரி. நடந்தது என்ன, நான் அங்கே இருந்தால் என்ன செய்வேன். முப்பது வருஷம் எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினவள் அந்த நோட்டில்தான் வாய் திறந்தேன். எத்தனை பேரை அடித்திருக்கிறேன் தெரியுமா. ஒரு மாமியாரைக் கிணற்றில் தள்ளியிருக்கிறேன், ஒரு வட்டிக்காரனைச் சுண்ணாம்புத் தொட்டியில் முக்கியிருக்கிறேன். எழுதி முடித்தால் மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுத் தையல் மிஷின் டிராயரில் நூல் சுற்றும் பாபின்களுக்கு அடியில் ஒளித்து வைப்பேன்.

தப்பு எங்கே வந்தது என்றால் பெயரில். எங்கள் லைனுக்கு வரும் ஷூ மாடலுக்கெல்லாம் இத்தாலிக்காரன் ஒரு பெயர் வைத்து அனுப்புவான், ஒன்றும் வாயில் நுழையாது. முதல் சாம்பிளை எவள் தைக்கிறாளோ அவள் பெயர்தான் எங்களுக்கு அந்த மாடலின் பெயர். அக்தரி நாலாயிரம் ஜோடி போவுது, தனகோடிக்குக் குதிகால் பிய்யுது என்று மைக்கிலேயே சொல்வார்கள். புதிதாக வந்த மேனேஜர், தனகோடிய ரிஜெக்ட் பண்ணிட்டாங்க என்று கேட்டு, என்னைத்தான் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்த கதையை நான் உனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தப் பழக்கம்தான். வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு பெயரும் ஒரு முழம் இருக்கும். நான் அதையெல்லாம் தள்ளிவிட்டு, யார் சாயல் தெரிகிறதோ அவர் பெயரை வைத்துவிடுவேன். எனக்கு மட்டும்தானே, யார் பார்க்கப் போகிறார்கள். கடைசியாகப் படித்தது முன் அட்டை போன ஒரு புத்தகம். அதில் ஒரு பெண், அப்பன் இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை, தாயும் மகளும் மட்டும். உன்னைப் போலவே வெடுக்கென்று பேசுவாள். எனக்குப் பிடித்துப் போய் உன் பெயரை வைத்தேன். அவளைக் கெடுத்துவிட்டுப் போகிற பண்ணையார் மகன் எந்நேரமும் சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு, கண்ணாடி கண்ட இடத்திலெல்லாம் தலை சீவுவான். நம் பிரேம்நாத்துக்கும் அந்தப் பழக்கம் உண்டு, வேறொன்றும் இல்லை மெர்சி, அந்த ஒரு சீப்புதான். பிரேம்நாத் மெர்சியைக் கெடுத்தான் என்று என் கையால் எழுதினேன். அதோடு விட்டேனா. இவன் கையை வெட்ட ஒருத்தன் இல்லையா, கேட்பதற்கு ஒரு ஆம்பளை இல்லாத வீடா இது என்றும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். கதையில் அந்த வீட்டில் ஆம்பளை கிடையாது, அதைத்தான் எழுதினேன். ஜீவா அன்று ஸ்க்ரூடிரைவர் தேடி மிஷின் டிராயரைத் திறந்திருக்கிறான். உன் பெயர் போட்ட நோட்டு, என் கையெழுத்து. நீயாக வந்து என்னிடம் சொன்னாய், நான் வெளியே சொல்ல முடியாமல் எழுதி வைத்தேன் என்று நினைத்துவிட்டான். அம்மா தன்னைத்தான் கேட்கிறாள் என்று எழுந்து போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அந்தப் பாவி கேட்கவில்லை. உனக்கு ஒரு போன் போட்டிருந்தாலும் போதும்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டை முதலிலிருந்து சத்தமாகப் படித்தார். அத்தனை போலீஸ்காரர்கள் நடுவில் என் நோட்டை ஒருவர் படித்துக் கேட்பது, என் புடவையை அவிழ்த்தது போலத்தான் இருந்தது. பாதியில் நிறுத்தி, இன்னாமா இது, அக்தரி பேகம் புருஷனுக்கு விஷம் வச்சாளுன்னு எழுதியிருக்க என்று கேட்டார். சாட்சிக்கு வந்து நின்ற அக்தரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து அவள் வீட்டுக்காரர் அஹமது பாஷா டீயை அவளை முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லித்தான் வாங்குகிறாராம். அவ்வளவு பேஜாரிலும் அவள் என்னை விட்டுப் போகவில்லை. இந்த நோட்டுல செத்தவங்க எல்லாம் ஆம்பூர் பஜாருல நடமாடறாங்கம்மா, எழுதிக்குங்க என்று இன்ஸ்பெக்டரிடம் அவள்தான் சொன்னாள். உன் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் நின்றான். கதையாம்மா என்று ஒரே ஒரு தடவை கேட்டான். ஆமாம்டா என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் தலையைத் தானே சுவரில் இடித்துக்கொண்டான், இரண்டு போலீஸ்காரர் பிடித்தும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வக்கீல் வந்ததும் எல்லாம் மாறியது. அந்த நோட்டைக் கதை என்று நான் சொல்லக் கூடாதாம். மத்த பக்கம் கதையா இருந்துட்டுப் போவட்டும், இந்த ஒரு பக்கம் மட்டும் நெஜம்னு சொல்லுங்க, பொண்ணும் ஆமான்னு சொல்லிட்டா கேசே வேற என்றார். பிரேம்நாத்துக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பால் குடிக்கிற குழந்தை இருக்கிறது, அவன் பெயர் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு உன் அப்பா, எம் புள்ள பத்து வருசம் உள்ள கெடக்கட்டுமா, எவனோ ஒருத்தன் பேருதான் உனக்குப் பெருசா என்று எழுந்தார். ஆமாம் என்றேன். தலைமுடியைப் பிடித்து நிலைப்படியில் மோதினார், அந்த நாலு தையல் அதுதான். நானும் சும்மா இருக்கவில்லை, குழம்புக் கரண்டியால் போட்ட போட்டில் அவருக்கு இன்னும் காது வீங்கியிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கை ஓங்கியது அன்றுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, வெறுப்பு இல்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜீவாவின் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிற மனுஷனை எப்படி வெறுப்பது.

நேற்று காலை நூலகத்துக்குப் போய் அந்த அட்டையில்லாப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். எந்தப் பக்கத்தில் சீப்பு வருகிறது, எந்தப் பக்கத்தில் அந்தப் பெண் அழுகிறாள், நோட்டில் நான் எதை எங்கே எழுதினேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது ஒன் புள்ளைக்கு எதிரா போவும்மா, தெரியுதா, நல்லா யோசிச்சுக்க என்று இன்ஸ்பெக்டர் அம்மா மூன்று தடவை கேட்டார். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பிள்ளையை என் கையாலேயே ஒருமுறை நோட்டில் எழுதி அனுப்பினேன், இப்போது ஸ்டேஷனில் எழுதி அடைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது, தெரிந்தால் என்ன செய்வாரோ, செய்யட்டும்.

மற்ற விஷயம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அக்தரியின் மகள் ஆஃப்ரீனுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், மே மாதம் நிக்காஹ். பாலாற்றில் இந்த வருஷம் கொஞ்சம் தண்ணீர் ஓடியது, கிணற்றில் ஊறியிருக்கிறது, ஆனால் வாய் வைக்க முடியாத நாற்றம். நீ அங்கே காலில் கம்பளி சாக்ஸ் போடாமல் நடக்காதே, முட்டி வலி எனக்கு இருப்பது போல் உனக்கும் வரும். சம்பளத்தை வக்கீலுக்கு அனுப்புகிறேன் என்று இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்யாதே. தம்பியை நினைத்து அழுதால் அழு, சாப்பிட்டுவிட்டு அழு.

ஸ்டேஷனிலிருந்து நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பிரேம்நாத்தைப் பார்க்க. முதல் முறை போனபோது அவன் பெண்டாட்டி சௌந்தர்யா ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி உதைத்தாள், வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து குழந்தையோடு வெளியே போய்விட்டாள், அது உதைத்ததை விட ஜாஸ்தியாக வலித்தது. அவனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பல்லுக்கு நடுவிலேதான் பேசுகிறான். கன்னத்தில் காதிலிருந்து வாய் வரைக்கும் தையல். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும்தான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு இனி எந்த மிஷினின் ஸ்க்ரூவைப் பிடிப்பான். மன்னிப்பு கேட்கப் போனவள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை மட்டும் சொன்னேன். எம் பேர ஏங்கா வச்ச என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நான் எழுந்தபோது, அந்தக் கதையில அவனுக்குக் கடசீல இன்னாக்கா ஆச்சு என்றான். பொய் சொல்ல ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. செத்துப் போனான், தூக்கில் போட்டார்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒண்ணும் ஆவலப்பா, வேற ஊருல கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லாத்தான் இருந்தான் என்றேன். அப்ப எனக்கு மட்டுந்தானாக்கா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மெர்சி, அவன் கேட்டதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி கேமராவுக்கு முன்னால் உட்காரும்போது அவன் அப்படித் திரும்பிப் படுத்ததை நினைத்துக்கொள். உன் தம்பியை எனக்குத் தெரியும், நீ பொய் சொல்லிக் காப்பாற்றினாய் என்று தெரிந்தால் வெளியே வந்தும் நிமிர்ந்து நடக்க மாட்டான். ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உன் வாயில் உண்மை இருக்கட்டும். வெந்நீர் குடி. இந்த லெட்டரைப் படித்ததும் கிழித்துவிடாதே, வைத்திரு, இதில் எழுதியிருக்கிற பெயரெல்லாம் அவரவர் பெயர்தான்.

உன்னையும் உள்ளே இருக்கிறவனையும் பெற்ற அம்மா,
தனகோடி தானியேல்